மலையின் இரும்பும் கடலடிக் கந்தகமும்

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில், மஞ்சவாடிப் பக்கம் பிறக்கிறது. மலையை விட்டு இறங்கும்போது அதன் தண்ணீருக்கு எந்த நாற்றமும் கிடையாது. சேலம் நகரத்துக்குள் புகுந்து வெளியே வருவதற்குள் வீட்டுச் சாக்கடை, சாயப்பட்டறைத் தண்ணீர், சேகோ ஆலைக் கழிவு என எல்லாம் அதில் கலந்துவிடுகின்றன. கோடையில் நீர் வற்றியபின் கரையோரச் சேற்றைக் குச்சியால் கிளறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே மெல்லிய பழுப்புப் படலம், அதற்கடியில் கன்னங்கரேலென்ற சேறு, கூடவே அழுகிய முட்டை நாற்றம்.

மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் அந்தக் கருப்பும் நாற்றமும் பூமியின் மிகப் பழைய உயிர்த்தொழில்களில் ஒன்றின் அடையாளங்கள். அதே தொழில் வங்கக் கடலுக்கடியில், ஆயிரம் இரண்டாயிரம் மீட்டர் தண்ணீருக்குக் கீழே, வெயிலே படாத சேற்றிலும் இரவு பகலாக நடக்கிறது. அது அங்கே நின்றுபோனால் கடலடியில் ஊறும் மீத்தேன் வாயு தடுப்பாரில்லாமல் மேலே கிளம்பிவிடும். சேர்வராயன் போன்ற மலைகளிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு போகும் இரும்புக்கும் அந்தத் தொழிலில் பங்கு உண்டு. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று நிறுத்தம் நிறுத்தமாக ஏற்காட்டுக்குப் பேருந்து ஏறுகிறவர்களுக்குக் கடலடிச் சேற்றோடு என்ன சம்பந்தம் என்று கேட்டால், அந்த இரும்புதான் என்பேன்.

முதலில் நாற்றத்தின் கதை. பெரும்பாலான உயிர்கள் உணவை எரித்துத்தான் ஆற்றல் எடுக்கின்றன. எரிக்கும்போது உணவிலிருந்து எலக்ட்ரான்கள் கழல்கின்றன. அவற்றை ஏற்றுக்கொள்ள ஒரு பொருள் வேண்டும். நமக்கு ஆக்சிஜன் அதைச் செய்கிறது. அதற்காகத்தான் மூச்சை உள்ளே இழுக்கிறோம். காற்று எட்டாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் வேறு பொருள்களைத் தேடிக்கொண்டன. சில நைட்ரேட்டைப் பயன்படுத்துகின்றன. சில மாங்கனீசின் துருவை, இரும்பின் துருவை. அவையும் தீர்ந்த இடத்தில் சல்பேட். ஒரு கந்தக அணுவோடு நான்கு ஆக்சிஜன் அணுக்கள் பிணைந்திருப்பதுதான் சல்பேட். இந்த பாக்டீரியாக்கள் எலக்ட்ரான்களை அதன்மேல் இறக்கி, கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றி வெளியே விடுகின்றன. நாம் விடும் மூச்சில் கரியமில வாயு. அவை விடும் மூச்சில் முட்டை நாற்றம்.

திருமணிமுத்தாற்றுச் சேற்றில் இந்த பாக்டீரியாக்களுக்குக் குறையொன்றும் இல்லை. சாக்கடையும் குச்சிக்கிழங்கு மாவு கலந்த சேகோ கழிவும் உணவு. சாயம் ஏற்றப் பயன்படும் உப்புகளில் சோடியம் சல்பேட்டும் ஒன்று. அதனால் சல்பேட்டுக்கும் பஞ்சமில்லை. வெளியேறும் ஹைட்ரஜன் சல்பைடு, சேற்றிலிருக்கும் இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகிறது. சேற்றைக் கருப்பாக்குவது அதுதான். அந்த இரும்பு, மலையின் செம்மண்ணிலிருந்து வந்தது. நாற்றமெடுப்பது இரும்புக்குள் பிடிபடாமல் தப்பிய வாயு.

இப்படியொரு வாழ்க்கை இருக்கிறதென்று மனிதர் அறிந்து நூற்று நாற்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1887-ல் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி, பெஜியாடோவா என்ற இழை பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடை எரித்தே உயிர் வாழ்கிறது என்று கண்டார். சூரிய ஒளியும் வேண்டாம், பிற உயிர் தரும் உணவின் ஆற்றலும் வேண்டாம், வெறும் கனிமப் பொருளிலிருந்தே ஆற்றல் எடுக்க முடியும் என்ற எண்ணம் அங்கே தொடங்கியது. 1895-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க் இதற்கு நேர் எதிரான பாக்டீரியாவை, அதாவது சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிட்டு ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குவதைக் கண்டறிந்தார். ஒன்று உண்டாக்குகிறது, மற்றொன்று எரித்துத் திரும்பவும் சல்பேட் ஆக்குகிறது. கந்தகச் சுழற்சியின் இரண்டு பாதிகளும் எட்டே ஆண்டுகளில் தெரிந்துவிட்டன.

வினோகிராட்ஸ்கியின் பெயரில் வழங்கும் ஒரு பரிசோதனையைப் பள்ளிக்கூடங்களில் செய்யலாம். ஏரிச் சேற்றில் கிழித்த செய்தித்தாளும் கொஞ்சம் ஜிப்சமும் சுண்ணாம்புத்தூளும் கலந்து, உயரமான கண்ணாடிக் குடுவையில் முக்கால் பங்கு நிரப்பி, மேலே ஏரித் தண்ணீர் ஊற்றி, வாயைத் தளர்வாக மூடி வெளிச்சம் விழும் ஜன்னலோரம் வைக்க வேண்டும். செய்தித்தாள் உணவு, ஜிப்சம் சல்பேட். சில வாரங்களில் அடியில் கருப்பு படரும். அதன்மேல் பச்சையும் ஊதாவுமாகக் கந்தக பாக்டீரியாக்களின் பட்டைகள் எழும். காற்றோட்டமுள்ள அறையில் வைத்தால் போதும். ஏற்காட்டு ஏரிச் சேறே இதற்குத் தாராளம்.

ஆற்றோடு கீழே போவோம். திருமணிமுத்தாறு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மலையின் மேற்கே இறங்கும் சரபங்காவும் காவிரிக்கே போகிறது. வாணியாறு மட்டும் வடகிழக்கே திரும்பித் தென்பெண்ணையை அடைகிறது. மூன்றின் வண்டலும் கடைசியில் சேருமிடம் வங்கக் கடல். அந்த வண்டலில் இரும்பு ஏராளம். ஏற்காட்டு மேட்டில் பெய்த மழை லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கரையக்கூடியதை எல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட்டது. கரையாமல் தங்கிய அலுமினியமும் இரும்பும்தான் அங்கே பாக்சைட்டாகவும் செம்மண்ணாகவும் கிடக்கின்றன. மேட்டூரில் இருந்த மால்கோ அலுமினிய ஆலைக்குச் சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும்தான் பல பத்தாண்டுகள் பாக்சைட் போனது. அலுமினியத்தை மனிதர் எடுத்தார்கள். இரும்பில் ஒரு பகுதியை ஆறு எடுத்துக்கொண்டது.

காவிரியின் கிளையான கொள்ளிடம் கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம். அங்கே அலையாத்தி மரங்களுக்கு நடுவே துடுப்பை ஊன்றி எடுத்தால் அதே கருஞ்சேறு, அதே நாற்றம். இதற்குச் சாக்கடையைக் காரணம் சொல்ல முடியாது. உதிர்ந்த இலைகளே உணவு. சல்பேட்டை ஒவ்வொரு ஏற்றநீரும் கொண்டுவந்து கொட்டுகிறது. ஹைட்ரஜன் சல்பைடு வேர்களுக்கு நஞ்சு. அந்த நஞ்சுச் சேற்றிலும் வாழ, கண்டல் இன மரங்கள் சில சேற்றுக்கு மேலே மூச்சுவேர்களை நிமிர்த்தி, காற்றை உள்ளே இழுத்து, வேரைச் சுற்றியுள்ள சேற்றுக்கும் ஆக்சிஜனைக் கசியவிடுகின்றன. பிச்சாவரத்தின் அழகைப் பாடாதவர் இல்லை. காலடியில் நடக்கும் இந்தப் போராட்டத்தையும் சுற்றுலாப் படகில் யாராவது எடுத்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

கடலுக்குள் இறங்கினால் கணக்கே மாறுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சில மில்லிகிராம்தான். சல்பேட் ஏறத்தாழ 2.7 கிராம். கரையோரக் கடலடியில் ஆக்சிஜன் சேற்றின் மேற்புறத்துச் சில மில்லிமீட்டரிலேயே தீர்ந்துபோகிறது. அதற்குக் கீழே மீட்டர் கணக்கில் சல்பேட்டின் ஆட்சி. டென்மார்க்கின் போ பார்கர் யோர்கென்சென் 1982-ல் கணக்கிட்டுச் சொன்னது கடலியலாளர்களையே திகைக்கவைத்தது: கரையோரச் சேற்றில் மட்கும் உயிர்ப்பொருளில் ஏறத்தாழ பாதியைச் சல்பேட்டால் மூச்சுவிடும் பாக்டீரியாக்களே செரிக்கின்றன. 2014-ல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீட்டின்படி, கடலடியில் ஆண்டுதோறும் 11.3 லட்சம் கோடி மோல் சல்பேட் இப்படிச் செலவாகிறது. எடையில் சொன்னால் நூறு கோடி டன்னுக்கும் மேல்.

அவ்வளவு ஹைட்ரஜன் சல்பைடும் எங்கே போகிறது? கடற்கரையில் நிற்கும் நமக்கு நாற்றமே வருவதில்லையே! பெரும்பகுதியைச் சேற்றின் மேலடுக்கில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் மறுபடி எரித்துச் சல்பேட் ஆக்கிவிடுகின்றன. இந்த வேலையைச் செய்பவற்றில் அதிசயங்கள் உண்டு. 1999-ல் நமீபியக் கடலோரத்தில் ஹைடே ஷூல்ஸ் குழுவினர் கண்ட தியோமார்கரிட்டா நமீபியென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கால் மில்லிமீட்டர் வரை வளரும். வெறும் கண்ணுக்கே தெரியும். அதைவிட என்னை வியக்கவைப்பவை 2012-ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் விரிகுடாச் சேற்றில் அடையாளம் காணப்பட்ட கம்பி பாக்டீரியாக்கள். ஆயிரக்கணக்கான செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்த, சென்டிமீட்டர் நீளமுள்ள இழை. அதன் கீழ்முனை ஹைட்ரஜன் சல்பைடில் இருக்கிறது, மேல்முனை ஆக்சிஜனில். கீழே எடுத்த எலக்ட்ரான்களை மின்சாரமாக மேலே அனுப்பிவிடுகிறது. உணவு ஓரிடத்தில், மூச்சு வேறிடத்தில், இடையே மின்கம்பியாக அதன் உடம்பு.

இந்த மேலடுக்கைத் தாண்டிக் கீழே போகப்போக நாம் தேடிவந்த இடம் வருகிறது. சல்பேட் மேலே கடலிலிருந்துதான் இறங்க வேண்டும்; ஆழம் கூடக்கூடக் குறைந்து ஒரு கட்டத்தில் முழுக்கத் தீர்ந்துவிடுகிறது. அதற்கும் கீழே மிச்சமிருக்கும் உயிர்ப்பொருளை வேறொரு கூட்டம் பயன்படுத்துகிறது. ஆர்க்கியா என்னும் அந்த நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளியிடுகின்றன. மீத்தேன் மேலே ஏறுகிறது, சல்பேட் கீழே இறங்குகிறது, இரண்டும் ஓர் அடுக்கில் சந்திக்கின்றன. மீத்தேன் வேகமாகக் கசியும் இடங்களில் அந்தச் சந்திப்பு ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்திலேயே நடக்கும். மற்ற இடங்களில் பத்து, இருபது மீட்டர், அதற்குக் கீழும் போகும்.

அந்த அடுக்கில் இரண்டும் ஒருசேரக் காணாமல் போகின்றன. இதை 1970களிலேயே வேதியியலாளர்கள் அளந்து கண்டார்கள். ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் மீத்தேனை எரிக்கக்கூடிய எந்த உயிரையும் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அந்த வேதிமாற்றத்தில் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. அதில் ஓர் உயிர் பிழைக்க முடியுமா என்றே சந்தேகப்பட்டவர்கள் உண்டு. விடை 2000-ல் வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பால் எடுத்த சேற்றில், ஜெர்மனியின் ஆன்ட்யே பூட்டியஸ் குழுவினர் நுண்ணுயிர்க் கொத்துகளைக் கண்டனர். ஒவ்வொரு கொத்தின் நடுவிலும் நூறு போல ஆர்க்கியா செல்கள். சுற்றிலும் கூடாகச் சல்பேட் பாக்டீரியாக்கள். உள்ளே இருப்பது மீத்தேனை எரிக்கிறது, கழலும் எலக்ட்ரான்களை வெளியே இருப்பது வாங்கிச் சல்பேட்டின்மேல் இறக்குகிறது. ஏற்றம் இறைக்கும்போது ஒருவர் துலாவின்மேல் நடக்க இன்னொருவர் சாலைப் பிடித்து ஊற்றுவார். ஒருவர் நின்றால் தண்ணீர் வராது. அந்தக் கூட்டாளிகளும் அப்படித்தான். எலக்ட்ரான்கள் செல்லிலிருந்து செல்லுக்கு நேரடியாகவே கைமாறுகின்றன என்று 2015-ல் ஆய்வுகள் காட்டின.

கடலடிச் சேற்றில் உருவாகும் மீத்தேனில் 90 விழுக்காடு வரை இந்த அடுக்கிலேயே தீர்ந்துவிடுகிறது என்பது மதிப்பீடு. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டாளிகள் இல்லையென்றால் பூமியின் தட்பவெப்பம் வேறாக இருந்திருக்கும். கரியமில வாயுவைப் பற்றிப் பேச நமக்கு மேடைகள் இருக்கின்றன. இவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நம் கடலில் இந்த அடுக்கு எப்படி இருக்கிறது? 2006-ல் இந்திய அரசின் தேசிய வாயு ஹைட்ரேட் திட்டத்துக்காக ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் இந்தியக் கடல்களில் 21 இடங்களில் துளையிட்டது. அழுத்தமும் குளிரும் மிகுந்த கடலடியில் மீத்தேன் நீரோடு சேர்ந்து பனிக்கட்டிபோல் உறைந்திருப்பதுதான் ஹைட்ரேட். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டில் ஏறத்தாழ 164 கன மீட்டர் வாயு அடங்கும். ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா-கோதாவரி படுகையில் ஓரிடத்தில், களிமண்ணின் வெடிப்புகளுக்குள் ஹைட்ரேட் நிறைந்த ஏறத்தாழ 130 மீட்டர் தடிமனான அடுக்கு கிடைத்தது. உலகில் அறியப்பட்ட மிகச் செழிப்பான படிவுகளில் அதுவும் ஒன்று. அந்த மீத்தேனுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது நாம் பேசும் அடுக்கு.

அதே படுகையிலிருந்து 2007 மே மாதம் மரியோன் துஃப்ரேன் கப்பல் நீண்ட சேற்றுத் தண்டு ஒன்றை எடுத்தது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் அனிந்தா மஜும்தாரும் சக ஆய்வாளர்களும் அதை வெட்டிப் பார்த்தபோது, கடலடிக்கு 16 முதல் 20 மீட்டர் கீழே கார்பனேட் கற்களும் பைரைட்டும் உடைந்த சிப்பி ஓடுகளும் கிடைத்தன. சிப்பிகள் கலிப்டோஜீனா என்னும் வகை. இவை சேற்றுக்குள் காலை நுழைத்து ஹைட்ரஜன் சல்பைடை உறிஞ்சி, செவுளில் குடிவைத்திருக்கும் கந்தக பாக்டீரியாக்களுக்குக் கொடுத்து, அவை தயாரிக்கும் உணவில் வாழ்பவை. கார்பனேட்டிலுள்ள கார்பன் மீத்தேனிலிருந்து வந்தது என்பதை அதன் ஐசோடோப்புகள் காட்டின. யுரேனியம்-தோரியம் முறையில் கற்களின் வயது ஏறத்தாழ 46,000 முதல் 53,000 ஆண்டுகள். அந்தக் காலத்தில் அங்கே மீத்தேனும் சல்பைடும் கடலடி வரை பீறிட்டு, அதை நம்பி ஒரு சிப்பிக் குடியிருப்பே தழைத்து, பிறகு கசிவு நின்று எல்லாம் புதைந்துபோயிருக்கிறது. எந்தக் கல்வெட்டிலும் இல்லாத வரலாறு அந்தச் சேற்றில் இருந்தது. 2018-ல் சிந்து சாதனா கப்பலில் சென்ற அதே நிறுவனத்தார், இன்றும் மீத்தேன் கசிந்துகொண்டிருக்கும், உயிர்கள் சூழ்ந்த இடத்தையும் அந்தப் படுகையில் ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கண்டுபிடித்தார்கள்.

இப்போது இரும்புக்கு வருவோம். மீத்தேனும் சல்பேட்டும் சந்திக்கும் அடுக்கில் ஹைட்ரஜன் சல்பைடு திரள்கிறது. ஆறு கொண்டுவந்த இரும்பு அங்கே இருந்தால் அதைப் பிடித்து முதலில் கருப்பு இரும்பு சல்பைடாகவும், நாளடைவில் இரண்டு கந்தகத்துக்கு ஓர் இரும்பு என்ற கணக்கில் பைரைட்டாகவும் மாற்றிவிடுகிறது. பொன்னிறத்தில் மின்னுவதால் தங்கமென்று பலரை ஏமாற்றிய அதே பைரைட். சல்பைடு மிகுந்துவிட்டால் காந்தத்தன்மையுள்ள மேக்னடைட்டையும் விடுவதில்லை. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் அடிவாரத்து மணலில் காந்தத்தைப் புரட்டினால் ஒட்டிக்கொண்டு வரும் கருந்துகள் மேக்னடைட்தான். ஆறுகள் அதையும் கடலுக்குக் கொண்டுபோகின்றன. காற்றிலும் மழையிலும் காலகாலமாகக் கெடாமல் கிடப்பது, சல்பைடு நிறைந்த சேற்றில் கரைந்து பைரைட் ஆகிவிடுகிறது. கிருஷ்ணா-கோதாவரி படுகைச் சேற்றுத் தண்டுகளில் மேலிருந்து கீழே காந்தத்தன்மையை அளந்துகொண்டே போனால் சில ஆழங்களில் சட்டென்று விழுவது இதனால்தான். பாதி மாற்றத்தில் நின்றுபோன கிரெய்கைட் என்னும் இரும்பு சல்பைடுக்கோ காந்தத்தன்மை உண்டு. சல்பைடு போதாமல் போன அடுக்குகளில் அது தங்கிவிடுகிறது. காந்தத்தை அளந்தே, மீத்தேன் எந்தக் காலத்தில் எவ்வளவு உயரம் ஏறிவந்தது என்று தேசியக் கடலியல் நிறுவனத்தார் படித்துவருகிறார்கள்.

இரும்பு வேண்டிய அளவு வந்துகொண்டிருக்கும் வரை சல்பைடு கனிமமாகக் கட்டுண்டு கிடக்கிறது. இரும்பு குறைந்தால் நஞ்சு மேலே ஏறுகிறது. காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. அதற்கு மேலும் கீழும் அணைகளும் கதவணைகளும் பெருகிவிட்டன. ஒவ்வொன்றும் வண்டலைப் பிடித்துவைக்கிறது. வண்டல் போகாவிட்டால் கழிமுகம் மெலியும், கடல் நிலத்தைத் தின்னும் என்று டெல்டா மக்கள் சொல்கிறார்கள், அது சரி. வண்டலோடு இரும்பும் போகவில்லை என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கஞ்சமலையைப் பற்றி இன்னொன்று. அங்குள்ள மேக்னடைட்-குவார்ட்சைட் பட்டைகள் 250 கோடி ஆண்டுகள் அளவுக்குப் பழமையான கடல் படிவங்கள். அன்றைய கடலில் கரைந்த இரும்பு நிறைந்திருந்தது. காற்றில் ஆக்சிஜன் இல்லை எனலாம், கடலில் சல்பேட்டும் மிகக் குறைவு. இன்றுபோல் சல்பேட் மிகுந்து, அதைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் கடலடியெங்கும் சல்பைடை உண்டாக்கியிருந்தால் அந்த இரும்பு பைரைட்டாகப் பிடிபட்டிருக்கும். கஞ்சமலை இப்போதிருப்பதுபோல் இருந்திருக்காது. இந்த பாக்டீரியாக்கள் அன்றும் இருந்தன. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 347 கோடி ஆண்டுப் பாறையில் அவற்றின் கைவரிசை இருப்பதாக 2001-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. சான்று ஐசோடோப்பு. கந்தக அணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, நிறை எண் 32 உள்ள இலேசான வகை. நான்குக்குச் சற்று மேல், 34 உள்ள கனமான வகை. பாக்டீரியாக்களுக்கு இலேசானதைக் கையாள்வது எளிது. அவை விட்ட சல்பைடில் இலேசான கந்தகம் மிகுந்திருக்கும். அதிலிருந்து விளைந்த பைரைட்டிலும் அப்படியே. உயிர் அழிந்து பாறையாகி முந்நூறு கோடி ஆண்டுகள் ஆனாலும் அந்த விகிதம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கடலடியில் புதையும் ஒவ்வொரு துளி பைரைட்டுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும். சல்பேட்டிலிருந்த கந்தகம் மட்டும் புதைந்தால், அதோடு பிணைந்திருந்த ஆக்சிஜன் மேலே மிஞ்சுகிறது. தாவரங்கள் வெளியிட்ட ஆக்சிஜன் காற்றில் இத்தனை கோடி ஆண்டுகள் தீராமல் நிற்பதற்கு, கடலடியில் கார்பனும் பைரைட்டும் புதைந்ததே காரணம். பிறகு நிலம் உயர்ந்து மலையாகும்போது புதைந்த பைரைட் மறுபடி காற்றையும் மழையையும் சந்தித்து, துருவாகவும் சல்பேட்டாகவும் பிரிந்து ஆற்றில் இறங்குகிறது. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைகளிலும் சல்பைடு கனிமங்கள் உண்டு. டேனியல் ஹார்லவ், ராபர்ட் நியூட்டன் முதலியோர் 1997-ல் அவற்றை ஆராய்ந்து எழுதினார்கள். ஏறத்தாழ 750 டிகிரி வெப்பத்தில், பூமிக்கு இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர் கீழே வெந்து உருவான பாறைகள் அவை. ஏற்காட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வெட்டுப்பட்டு நிற்கும் பாறையில் துருக்கறை தெரிந்தால், இரும்பும் ஆக்சிஜனும் அங்கே கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

ஆழ்கடல் சேற்றின் நுண்ணுயிர்களைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்லாமல் விட முடியவில்லை. அவற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் அத்தனை சொற்பம். நம் குடலில் வாழும் பாக்டீரியா, வசதி கிடைத்தால், அரை மணிக்குள் இரண்டாகப் பிரியும். கடலடியின் ஆழத்தில் இருப்பது ஒருமுறை பிரிய நூற்றுக்கணக்கான, ஏன், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. ராஜராஜன் தஞ்சைக் கோயிலைக் கட்டிய காலத்தில் பிரிந்த செல் அடுத்த முறை பிரிய இன்னும் தயாராகாமல் இருக்கலாம். உலகக் கடலடிச் சேற்றிலுள்ள இப்படிப்பட்ட செல்களின் மொத்தத்தை 2012-ல் ஜென்ஸ் கால்மெயர் குழுவினர் மதிப்பிட்டார்கள்: 29-க்குப் பின்னால் 28 சுழி போட வேண்டும். இவ்வளவு நிதானமாக வாழும் ஒரு சமூகத்தை அவசரமாகக் கலைத்துவிட்டு, நம் ஆயுளுக்குள் அது திரும்ப அமைந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2006-க்குப் பிறகு 2015-ல் ஜப்பானின் சிக்யூ கப்பலைக் கொண்டு இந்தியா மறுபடியும் ஹைட்ரேட் படிவுகளைத் துளையிட்டுப் பார்த்தது. எரிவாயுவுக்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் நாடு தன் கடலடியில் இருப்பதை எடுக்க நினைப்பதில் குற்றமில்லை. ஆனால் ஹைட்ரேட்டைப் பற்றி வரும் செய்திகளில் எத்தனை கன மீட்டர், எத்தனை ஆண்டுத் தேவைக்குப் போதும் என்பதே பேச்சாக இருக்கிறது. அந்த வாயுவை மேலே வராமல் தடுத்துவைத்திருக்கும் சேற்று அடுக்கைப் பற்றி ஒரு வரி வருவதில்லை. இது பெரிய குறை. வாயுவை எடுக்க அழுத்தத்தைக் குறைத்தாலோ வெப்பத்தைக் கூட்டினாலோ மீத்தேன் ஏறும் வேகம் மாறக்கூடும். ஏறும் வேகம் ஓரளவைத் தாண்டினால் சல்பேட் இறங்கிவந்து அதைச் சமாளிக்க முடியாது; 46,000 ஆண்டுகளுக்கும் முன்பு கிருஷ்ணா-கோதாவரி படுகையில் மீத்தேன் கடலடி வரை வந்தது நம் கண்முன்னே சான்றாக இருக்கிறது.

அதனால் வணிக முறையில் எடுக்கத் தொடங்குமுன், எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் சல்பேட்டும் மீத்தேனும் சந்திக்கும் அடுக்கு எத்தனை மீட்டரில் இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு மீத்தேனைத் தீர்க்கிறது, அதைச் செய்யும் நுண்ணுயிர்கள் எவை, சல்பைடைக் கட்ட அங்கே இரும்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்ற நான்கையும் அளந்து பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இதைச் செய்யும் திறமை வெளியே தேட வேண்டியதில்லை. கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனம் இருக்கிறது, சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கிருஷ்ணா-கோதாவரி படுகைக்குக் கிடைத்த கவனம் காவிரிக் கழிமுகத்துக்கு எதிரேயுள்ள கடலுக்கும் கிடைக்க வேண்டும். முதல் துளைக்கு முன்னால் எடுத்த அளவுகள் இருந்தால்தான் பின்னால் என்ன மாறியது என்று யாரும் சொல்ல முடியும்.